யாரை அனுப்புவது?

வெளிநாட்டில் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. நம் நாட்டிலிருந்து யாரை அனுப்புவது? இதைத் தெரிந்துகொள்ளத் தேசியத் தடகளப் போட்டி உதவுகிறது. எல்லா மாநிலத்தாரும் ஒரே மைதானத்தில் ஓடுகிறார்கள். கடிகாரம் நேரத்தைக் காட்டுகிறது. சிபாரிசுக்கு அங்கே வேலை இல்லை.

ஆனாலும் சில நேரம் சிக்கல் வரும்.

பி.யு. சித்ரா கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துப் பெண். பெற்றோர் விவசாயக் கூலிகள். 2017 ஜூலையில் புவனேஸ்வரத்தில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. 1500 மீட்டர் ஓட்டத்தில் சித்ரா தங்கம் வென்றார். ஆசியாவில் முதலில் வந்தவர் லண்டன் உலகப் போட்டிக்குத் தகுதி பெறுவார். அது உலக விதி.

சில நாள் கழித்துக் குண்டூரில் தேசியப் போட்டி நடந்தது. அதில் சித்ரா முதலில் வரவில்லை. அவரது ஓட்டம் சீராக இல்லை என்றார்கள் தேர்வாளர்கள். பட்டியலில் அவர் பெயர் இல்லை.

சித்ரா கேரள உயர் நீதிமன்றம் சென்றார். அவரைச் சேர்க்கும்படி உத்தரவு வந்தது. ஆனால் பெயர் கொடுக்கும் கெடு முடிந்திருந்தது. உலக அமைப்பு ஏற்கவில்லை. லண்டன் வாய்ப்பு போயிற்று.

சித்ரா ஓட்டத்தை விடவில்லை. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார்.

தேர்வு விதி எழுத்தில் இருக்க வேண்டும். போட்டிக்கு முன்பே எல்லோருக்கும் தெரிய வேண்டும். விதியைப் படித்தவர் கேள்வி கேட்கலாம். கெடு முடியும் முன் கேட்கலாம்.

பேசுவோம்

1. சித்ரா ஏன் நீதிமன்றம் சென்றார்?
2. எந்தப் போட்டியைப் பார்த்துத் தேர்வு செய்வது நியாயம்?
3. உங்கள் ஊரில் எந்தத் தேர்வுக்கு விதி எழுதி ஒட்டப்படுகிறது?