கூவம் ஏன் நாறுகிறது?

சென்னைக் கூவத்தில் கலக்கும் சோறு, எண்ணெய், மலம் எல்லாம் விஷமா? இல்லை. அப்புறம் மீன் ஏன் பிழைக்கலை? தேடிப் படித்தேன்.

இவை கரிமப் பொருள்கள். பாக்டீரியாக்கள் இவற்றைத் தின்னும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அந்தத் தேவையின் அளவுதான் பி.ஓ.டி. 25 டிகிரி வெப்பத்தில் சுத்தமான நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். அதனால்தான் குளிக்கும் ஆற்றில் பி.ஓ.டி. 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறார்கள்.

ஆக்சிஜன் தீர்ந்தால் மீன் மூச்சுத் திணறிச் சாகும். பிறகு, ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்களின் ராஜ்யம்! அவை சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக்கும். கூமுட்டை நாற்றம் அதுதான். தண்ணி கறுப்பாவதற்கு இரும்பு சல்பைடு காரணம்.

ஆகவே குப்பையை அள்ளினால் மட்டும் போதாது. சாக்கடை நீரைச் சுத்திகரித்தே ஆற்றில் விடணும். உங்க தெருச் சாக்கடை எங்கே போகுது? வீட்டில் கேட்டுப் பாருங்க!