வீட்டிலுள்ள விஷங்களும் மருந்துகளும்

கிராமத்து வீடுகளில் விஷப் பொருள்களுக்கென்று தனி அறை இருப்பதில்லை. பூச்சிமருந்து இறவாணத்தில் செருகியிருக்கும். மண்ணெண்ணெய் அடுப்பங்கரையில் இருக்கும். மாத்திரைகள் மாடக்குழியில் கிடக்கும். இவை வீட்டில் இருப்பதைவிடப் பெரிய அபாயம், தமக்குரிய பாத்திரத்தை விட்டு உணவுப் பாத்திரத்துக்கு மாறுவதேயாகும். அங்கத்தினர்கள் முதலில் அறிய வேண்டுவது இதுவே.

1958-ஆம் வருஷத்தில் கேரளத்தில், உணவுப் பொருள்களோடு கப்பலில் ஏற்றிவந்த பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து அவற்றில் கசிந்து, அவ்வுணவை உண்டவர்களில் 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2013-ஆம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி, பீகாரில் சாரண் ஜில்லாவிலுள்ள ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது பரிசோதனையில் வெளியாயிற்று. முன்பு பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெய் வைக்கப்பட்டதாக விசாரணையில் கூறப்பட்டது.

பாத்திரம் மாறுவதற்கு அஜாக்கிரதை மாத்திரம் காரணமன்று. சிக்கனமும் ஒரு காரணம். அரை ஏக்கர் பயிரிடும் குடியானவருக்கு ஒரு லிட்டர் மருந்து வேண்டியதில்லை. ஆகையால் மூவர் சேர்ந்து ஒரு புட்டி வாங்கி, தண்ணீர்ப் புட்டிகளில் பங்கிட்டுக்கொள்கின்றனர். பங்கு பெற்ற புட்டிக்குப் பெயருமில்லை, எச்சரிக்கைக் குறியுமில்லை. வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை அதைத் தண்ணீரென்றே எண்ணும். மிச்சமானது சில ரூபாய். நஷ்டமாவது ஓர் உயிர்.

இவ்விஷயத்தில் கூட்டுறவுச் சங்கம் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. விஷத்தைப் பங்கிடாமல் வேலையைப் பங்கிடலாம். ஒரே பயிரை அடுத்தடுத்த வயல்களில் இட்டுள்ள அங்கத்தினர்கள் ஒரே நாளில் மருந்து தெளித்து, புட்டியை அன்றே தீர்த்துவிடலாம். அது இயலாவிடில் சிறிய அளவுள்ள புட்டிகளையே சங்கம் வரவழைக்கலாம். மூடி திறந்து பிரித்து விற்பதில்லை என்று பொதுக் கூட்டத்தில் தீர்மானமும் செய்யலாம்.

பூச்சிமருந்துப் புட்டியின் சீட்டில் ஒரு வர்ண முக்கோணம் உண்டு. சிவப்பு மிகக் கொடிய விஷத்தையும், மஞ்சள் கொடிய விஷத்தையும், நீலம் நடுத்தர விஷத்தையும், பச்சை குறைந்த விஷத்தையும் குறிக்கும். எழுதப்படிக்கத் தெரியாதவரும் இவ்வர்ணங்களை அறிந்துகொள்ளலாம். காலிப் புட்டியை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, பின் புட்டியைத் துளையிட்டுவிட வேண்டும். அதில் எண்ணெயோ மோரோ ஒருபோதும் வைக்கலாகாது. எலிப் பாஷாணத்தை வடையிலோ தேங்காய்ச் சில்லிலோ தடவி, குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைப்பதும் தகாது.

மருந்துகளும் அளவு மீறினால் விஷமே. ஜுரத்துக்கும் வலிக்கும் கொடுக்கும் பாரசிட்டமால் மருந்தை எடுத்துக்கொள்வோம். ஆரோக்கியமுள்ள பெரியவர் 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமுக்கு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8-க்கு, மேல் உட்கொள்ளலாகாது. இதே மருந்து வெவ்வேறு பெயர்களிலும், ஜலதோஷ மாத்திரைகளிலும் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து உண்பவர் தம்மையறியாமலே அளவைத் தாண்டிவிடுவர். முதல் நாள் யாதொரு தொந்தரவும் தோன்றாமலிருந்து, பிறகு கல்லீரல் கெடும். இதற்குரிய மாற்று மருந்தை 8 மணி நேரத்திற்குள் கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கச் செய்யலாம். ஆகையால், ஒன்றுமில்லையே என்று காத்திருக்கலாகாது.

குழந்தைகளுக்கு எடையை அனுசரித்து வைத்தியர் சொல்லும் அளவே தக்கது. சொட்டு மருந்தில் 1 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கும்; பாட்டில் மருந்து ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராமே இருக்கலாம். சொட்டு மருந்தை 5 மில்லிலிட்டர் கொடுத்தால் நான்கு மடங்காகிவிடும். வீட்டுக் கரண்டிகள் பலவிதமாதலால், மருந்தோடு வந்த அளவுக் குவளையையே உபயோகிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரைகளைக் குழந்தைகள் மிட்டாயென்று தின்று உயிரிழக்கக்கூடும். எனவே மருந்தை மிட்டாயென்று சொல்லிக் கொடுப்பதும் தவறு. மருந்துகள் யாவும் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டுவன வருமாறு:

1. உப்பு நீர், புளிக் கரைசல், முட்டை முதலியவற்றைக் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யலாகாது. மண்ணெண்ணெய் குடித்த குழந்தை வாந்தி எடுத்தால் அது நுரையீரலில் புகுந்து பெருங்கேடு விளையும்.

2. பூச்சிமருந்து மேலே பட்டிருந்தால் துணிகளைக் களைந்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். கழுவுபவர் தம் கையிலும் மருந்து படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. நினைவிழந்து மூச்சு விடுகிறவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் ஒன்றும் ஊற்றலாகாது.

4. உடனே 108-க்குத் தெரிவித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மருந்துப் புட்டியையோ மாத்திரை அட்டையையோ தவறாமல் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். விஷம் இன்னதென்று தெரிந்தால் வைத்தியர் தாமதமின்றித் தக்க சிகிச்சை செய்வார்.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்று மாலையே தம் வீட்டில் பெயரற்ற புட்டி எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பாராக. இருந்தால் அதைக் குழந்தைகள் கைக்கெட்டாதபடி உடனே பூட்டிவைத்து, கிணற்றிலும் வாய்க்காலிலும் கொட்டாமல், அப்புறப்படுத்தும் முறையை வேளாண்மை அலுவலரிடம் கேட்டுச் செய்வாராக.