முகர்ந்து பார்த்த பிறகு காசு

ஈரோடு பக்கம் மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறேன். தொழில் தொடங்கிய நான்காம் வருடம், ஐப்பசி மழையில், விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று சரியாகக் காயாத கடலையை வாங்கி ஆட்டிவிட்டேன். இரண்டே வாரத்தில் ஓர் அக்கா தூக்குப் போசியோடு வந்து நின்றார்.

"எண்ணெய் சிக்கு வாடை அடிக்குது, தம்பி."

"செக்கு எண்ணெய்னா கடலை வாசம் வரத்தானுங்க்கா செய்யும்."

அவர் பதில் பேசாமல் போய்விட்டார். அந்த மாதம் வாடிக்கையாக வருபவர்களில் பாதிப்பேரைக் காணோம். அவர்கள் திரும்பி வர ஒரு வருடம் பிடித்தது. அதில் நான் படித்த பாடங்கள் இவை.

புகார் சொன்னவருக்கு மட்டும் ஈடு கட்டாதீர்கள். வாயைத் திறந்து சொன்னது ஒருவர்தான். கெட்ட எண்ணெய் எத்தனை வீட்டுக்குப் போனதோ, எனக்கே தெரியவில்லை. பற்று நோட்டைப் புரட்டி, அந்த மாதம் வாங்கிய அனைவருக்கும் போன் போட்டேன். மிச்சம் எவ்வளவு இருந்தாலும் முழுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றுமுதல் ஒவ்வொரு கேனிலும் ஆட்டிய தேதியை எழுதுகிறேன்.

விலையைக் குறைத்து நம்பிக்கையை வாங்க முடியாது. லிட்டருக்கு 20 ரூபாய் குறைத்துப் பலகை வைத்தேன். ஒரு பெரியவர் கேட்டார்: "இத்தனை நாள் 20 ரூபா கூட வாங்குனியா, இல்ல இப்ப எதையாச்சும் கலக்குறியா?" அன்று மாலையே பலகையைக் கழற்றிவிட்டேன்.

கணக்கைக் கண்ணெதிரே வையுங்கள். சொந்தக் கடலையை ஆட்டக் கொண்டுவருபவர்களுக்கு, நம் எண்ணெய்தான் நமக்கு வருகிறதா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. இப்போது பருப்பைக் கொட்டும் முன் எடை போடுகிறேன். ஆட்டி முடித்ததும் எண்ணெயையும் புண்ணாக்கையும் தனித்தனியாக எடை போடுகிறேன். 10 கிலோ பருப்புக்கு எங்கள் செக்கில் 4 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக எண்ணெய் வரும். மீதி பெரும்பாலும் புண்ணாக்கு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வீட்டுத் தராசில் வைத்துப் பார்ப்பவர், 90 கிராமை நான் அடித்துவிட்டதாகத்தான் நினைப்பார்.

இல்லை என்று சொல்லப் பழகுங்கள். ஈரக் கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். பெரிய ஆலைகளில் சுத்திகரிக்கும்போது அதில் பெரும்பகுதி நீங்கிவிடும்; செக்கில் அந்த வேலையே கிடையாது. நாம் கொட்டும் கடலையின் தரம்தான் எண்ணெயின் தரம். அதனால் மழைக்காலத்தில் நல்ல காய்ச்சல் கடலை கிடைக்காத வாரங்களில் செக்கை நிறுத்திவிடுகிறேன். முதல் தடவை நிறுத்தியபோது வயிற்றைக் கலக்கியது. ஆனால் "இந்த வாரம் எண்ணெய் இல்லைங்க" என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனவர்கள், அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அந்த அக்கா எட்டு மாதம் கழித்து வந்தார். இன்றும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் காசு எடுப்பார். ஆரம்பத்தில் அது எனக்குச் சுருக்கென்று குத்தும். இப்போது அவர் கேட்பதற்கு முன் நானே மூடியைத் திறந்து நீட்டிவிடுகிறேன்.