கேட்கும் முன்பே அனுப்பலாமா?

கேள்வி:

சென்ற ஆண்டு தை மாதம் தஞ்சாவூரில் எனக்குக் கல்யாணம் ஆனது. பெரியவர்கள் பார்த்துப் பேசி முடித்த சம்பந்தம். சுயமரியாதைத் திருமணம் என்பதால் ஐயர், ஹோமம் எதுவும் இல்லை. மாலை மாற்றிக்கொண்டோம், பிறகு பதிவு செய்தோம். கணவர் அமெரிக்கக் குடிமகன், டெக்சாஸில் வேலை பார்க்கிறார். கல்யாணமான மூன்றாவது வாரமே மனைவியை அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனுவை எனக்காக ஆன்லைனில் போட்டுவிட்டார். அப்போது எங்களிடம் இருந்தது பதிவுச் சான்றிதழும் சில புகைப்படங்களும்தான். அதற்குப் பிறகு அவர் ஒரு முறை வந்து ஒரு மாதம் எங்களோடு இருந்தார். இங்குள்ள தன் வங்கிக் கணக்கில் என் பெயரைச் சேர்த்தார். மாதாமாதம் பணம் அனுப்புகிறார். இதையெல்லாம் இப்போது அனுப்பலாமா, கேட்கும்வரை பேசாமல் இருப்பதா? நாமாக அனுப்பினால் சந்தேகம் வரும், ஃபைல் வரிசையில் பின்னால் போய்விடும் என்கிறார் பெரியப்பா வீட்டு அண்ணன். ஓர் ஏஜென்ட், வாட்ஸ்அப்பில் பேசியது முழுவதையும் அச்செடுத்து அனுப்பச் சொல்கிறார். என் பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அப்பா பெயர் இல்லை. பத்திரிகையிலும் சான்றிதழிலும் இனிஷியலோடு இருக்கிறது. அதுவும் பயமாக இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்:

தாராளமாக அனுப்பலாம். உங்கள் நிலையில் அனுப்பாமல் இருப்பதுதான் ஆபத்து. மனு போட்ட அன்று உங்கள் கல்யாணத்துக்கு வயது மூன்று வாரம். அன்றைக்குக் கையில் இருந்தது அவ்வளவுதான். அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அந்த ஃபைலைத் திறக்கப்போகும் அமெரிக்கக் குடிவரவுத் துறை (யு.எஸ்.சி.ஐ.எஸ்.) அதிகாரி உங்கள் இருவரையும் பார்த்ததில்லை. உள்ளே என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் முடிவெடுப்பார். போதவில்லை என்று தோன்றினால் கூடுதல் ஆதாரம் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம். ஆனால் கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை. மனுவோடு இருந்திருக்க வேண்டிய அடிப்படை ஆவணங்கள் இல்லாவிட்டால் கேட்காமலே மறுக்கவும் விதியில் இடம் இருக்கிறது.

அண்ணனிடம் சொல்லுங்கள், கவலை வேண்டாம் என்று. ஆன்லைனில் மனு போட்டவர்களின் கணக்கிலேயே, யு.எஸ்.சி.ஐ.எஸ். கேட்காத ஆதாரத்தை ஏற்றுவதற்கென்று தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். சந்தேகப்படுகிறவர்கள் இப்படி ஒரு வாசலைத் திறந்து வைக்கமாட்டார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. ஆதாரம் சேர்த்ததற்காக மனுவை வரிசையில் பின்னுக்குத் தள்ளும் விதியும் கிடையாது. மனுதாரர் உங்கள் கணவர் என்பதால் அவர் கணக்கிலிருந்து அவர்தான் ஏற்ற வேண்டும். ஒரு சின்ன விஷயம்: நம் ஊர் வங்கிகள் அனுப்பும் ஸ்டேட்மென்ட் பி.டி.எஃப். பெரும்பாலும் பாஸ்வேர்டு போட்டுத்தான் வரும். பூட்டிய ஃபைலை அங்கே ஏற்கமாட்டார்கள். பூட்டை எடுத்துவிட்டு, ஃபைலுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

எதை அனுப்புவது என்று முடிவு செய்யும் முன், சட்டம் என்ன கேட்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். மாலை மாற்றிய அந்த நாளில், இருவரும் சேர்ந்து வாழ்க்கை நடத்தும் எண்ணத்தோடு கல்யாணம் செய்துகொண்டீர்களா? கேள்வி இவ்வளவுதான். 1975-இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்க் என்பவரின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பது, அந்த நாளின் எண்ணத்தைக் காட்டுகிற அளவுக்குத்தான் முக்கியம். நிரூபிக்க வேண்டிய அளவும் நீங்கள் பயப்படுவதுபோல் பெரியதல்ல. குற்ற வழக்குபோல் துளி சந்தேகமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. இது உண்மையான கல்யாணமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று அதிகாரிக்குத் தோன்றினால் போதும்.

எண்ணம்தான் கேள்வி என்றால், கல்யாணத்துக்கு முந்தைய மாதங்களின் கதையும் ஃபைலில் இருக்க வேண்டும். பெரியவர்கள் பேசி முடிக்கும் சம்பந்தங்களில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அமெரிக்க அதிகாரிக்குப் பழகிய கதையில் இருவர் சந்தித்து, ஓரிரண்டு வருடம் பழகி, பிறகு மணந்துகொள்வார்கள். உங்கள் கதையில் முதலில் பேசியது உங்கள் சித்தியும் அவர் அத்தையுமாக இருக்கலாம். அதை மறைக்க வேண்டாம், அப்படியே விளக்குங்கள். சம்பந்தம் யார் மூலம் வந்தது, பெண் பார்க்க எப்போது வந்தார்கள், நீங்கள் இருவரும் முதலில் தனியாகப் பேசியது எப்போது, நிச்சயம் எங்கே நடந்தது, மண்டபம் யார் பெயரில் பிடித்தீர்கள் என்று ஒன்றரைப் பக்கத்தில் கணவர் கையெழுத்திட்டு எழுதட்டும். மேட்ரிமோனி தளத்தில் பரிமாறிய செய்திகள், நிச்சயதார்த்தப் படம், மண்டப ரசீது, பத்திரிகை, அவர் அந்தக் கல்யாணத்துக்காக எடுத்த டிக்கெட் எல்லாம் அந்தக் கடிதத்தின் பின்னால் வரிசையாக வர வேண்டும். நாள்கள் ஐ-130 படிவத்தில் எழுதியவற்றோடு பொருந்துகின்றனவா என்று இரண்டு முறை பாருங்கள். படிவத்தில் ஏதாவது பிழை இருந்தால் இந்தக் கடிதத்திலேயே திருத்திச் சொல்லிவிடலாம். அதிகாரி கண்டுபிடிப்பதைவிட நீங்கள் சொல்வது நல்லது.

சம்பந்தம் பேசி முடித்த அந்த உறவினர்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சாட்சி. சாட்சிக் கடிதத்தில் எழுதுபவரின் முழுப் பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த ஊர், உங்களுக்கு என்ன உறவு, இந்தக் கல்யாணத்தைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. "இருவரும் அன்பான தம்பதி, எனக்கு நன்றாகத் தெரியும்" என்று நான்கு பேர் ஒரே வாசகத்தில் எழுதித் தருவதால் பயன் ஒன்றுமில்லை. முத்திரைத்தாள் வாங்கி நோட்டரியிடம் ஓட வேண்டிய அவசியமும் இல்லை. சொல்வது உண்மை, பொய்யானால் அமெரிக்கச் சட்டப்படி பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியோடு தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால் அதையே ஏற்பார்கள். சித்தி தமிழில் எழுதட்டும், அவருக்கு வருகிற பேச்சிலேயே. அதை மொழிபெயர்த்துச் சேர்க்கலாம்.

சுயமரியாதைத் திருமணம் பற்றித் தயங்கவே வேண்டாம். கல்யாணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுபடியானால் அமெரிக்காவும் ஏற்றுக்கொள்ளும். பொது விதி அது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் வாய்மொழியாக ஏற்றுக்கொள்வதோ, மாலை மாற்றுவதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ ஏதாவது ஒன்று போதும், புரோகிதர் வேண்டியதில்லை. அக்கினியும் ஏழடியும் இல்லாத இந்துக் கல்யாணப் படத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தப் பிரிவின் ஆங்கில வாசகத்தை ஒரு பக்கம் எடுத்துப் பதிவுச் சான்றிதழின் பின்னால் வையுங்கள்.

பெயர் விஷயம் தமிழர் எல்லோருக்கும் உள்ளதுதான். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரை இனிஷியலாக வைக்கிறோம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக அச்சடித்து, இன்னொரு கட்டத்தில் எஃப்.என்.யு. என்று போட்டுவிடுவார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அதனால் விசா மறுக்கப்படாது. ஆனால் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு விதமாகப் பெயர் இருந்தால் ஒரே ஆள்தானா என்று கேள்வி வரும். எந்தெந்த ஆவணத்தில் எந்த வடிவம் இருக்கிறது, இனிஷியலின் விரிவு என்ன, அப்பாவின் பெயர் என்ன என்று அரைப் பக்கம் எழுதி, அப்பா பெயர் உள்ள உங்கள் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துவிடுங்கள். முடிந்தால் விசா கட்டத்துக்கு முன் பாஸ்போர்ட்டிலும் பெயரைப் பிரித்துத் திருத்திக்கொள்வது நல்லது. அங்கே போனபின் ஓட்டுநர் உரிமம், வங்கி என்று எல்லா இடத்திலும் எஃப்.என்.யு.வோடு மல்லுக்கட்டுவது மிகுந்த அலைச்சல்.

பணக் கணக்குக்கு வருவோம். உங்கள் பெயர் சேர்ந்தது வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.இ. கணக்காக இருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி இந்தியாவில் உள்ள உறவினர் அதில் இரண்டாம் பெயராக மட்டுமே இருக்க முடியும். அவர் காலம்வரை நீங்கள் அவருடைய அதிகாரம் பெற்றவராகத்தான் அதை இயக்கலாம். ஆகவே அந்தக் கணக்கு மட்டும் பெரிய ஆதாரமாகிவிடாது. அதில் காசு நடமாடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். மாதம்தோறும் வந்த பணம் வீட்டு வாடகைக்கு, உங்கள் படிப்புக்கு, மாமியார் மருத்துவத்துக்கு என்று போயிருந்தால் அந்த வரிகளைக் கோடிட்டுக் காட்டுங்கள். அவர் அலுவலகத்தில் ஆயுள் காப்பீட்டுக்கும் அவசரத் தொடர்புக்கும் உங்கள் பெயரைக் கொடுத்திருந்தால் அந்தக் காகிதமும் நல்லது. இதைவிட முக்கியமானது வருமான வரி. டிசம்பர் 31 அன்று கல்யாணமானவராக இருந்தால், மனைவி எந்த நாட்டில் இருந்தாலும் அந்த ஆண்டு அவர் திருமணமானவர்தான். பழக்கத்தில் பலர் தனியர் என்றே கணக்குத் தாக்கல் செய்துவிடுகிறார்கள். உங்கள் கணவர் அப்படிச் செய்திருந்தால் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தித் தாக்கல் செய்துவிட்டு அந்த நகலை அனுப்பட்டும். மனைவிக்கு விசா கேட்பவர் வரி அலுவலகத்தில் மனைவியே இல்லை என்று எழுதியிருப்பது, நூறு புகைப்படங்கள் கட்டிய நம்பிக்கையையும் கலைத்துவிடும்.

வாட்ஸ்அப் முழுவதையும் அச்செடுக்கச் சொல்லும் யோசனையை விட்டுவிடுங்கள். ஆயிரம் பக்கம் அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். முக்கியமான பத்துப் பக்கமும் அதில் புதைந்து போகும். தவிர, ஆங்கிலம் அல்லாத எதை அனுப்பினாலும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தாலும் அது தமிழ்தான். மாதத்துக்கு ஒரு பக்கம் தேர்ந்தெடுங்கள். காய்ச்சல், வாடகை, அம்மாவின் கண் ஆபரேஷன், வாங்கப்போகும் ஃபிரிட்ஜ் என்று குடும்பம் நடத்துகிறவர்கள் பேசும் பேச்சு அந்தப் பக்கங்களில் இருக்கட்டும். அந்தரங்கமான பேச்சும் படங்களும் ஒருபோதும் வேண்டாம். அதை யாரும் கேட்கவில்லை. மொழிபெயர்த்தவர் தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். நீங்களோ கணவரோ செய்யாமல் வேறு யாராவது செய்வது நல்லது. புகைப்படமும் அப்படித்தான்: இருபது போதும், ஒவ்வொன்றின் கீழும் நாள், ஊர், நிற்பவர்கள் யார் என்பது இருக்க வேண்டும். மண்டபத்தில் எடுத்த ஐம்பதைவிட, அவர் வந்திருந்த மாதத்தில் உங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தாவோடு உட்கார்ந்திருக்கும் ஒன்று அதிகம் பேசும். அந்த வருகைக்கு அவர் பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கமும் விமான டிக்கெட்டும் துணை.

அந்த ஏஜென்ட் இன்னொரு வேலையும் செய்யக்கூடும். வாடகை ஒப்பந்தம், கூட்டுக் கணக்கு என்று இல்லாததை "ஏற்பாடு" செய்து தருகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உண்மையான கல்யாணத்துக்கு ஒரு பொய்க் காகிதம் சேர்ந்தாலும், பொய் சொல்லி விசா பெற முயன்றார் என்று உங்கள் மீதே தடை வரலாம். கல்யாணமே போலி என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டாலோ, உங்களுக்காக யார் மனு போட்டாலும் பிற்காலத்திலும் ஏற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. போலிக் கல்யாணத்துக்கு 5 ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு.

நீங்கள் இதை ஏற்றும் முன்பே நோட்டீஸ் வந்துவிட்டால் முறை மாறும். அதில் குறித்த தேதிக்குள் பதில் போக வேண்டும். 12 வாரத்துக்கு மேல் தரமாட்டார்கள், நீட்டிப்பும் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டும். பாதியை அனுப்பினால், இருப்பதை வைத்தே முடிவு செய்யுங்கள் என்று நீங்கள் கேட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அப்போது அனுப்பாததைப் பிறகு மேல்முறையீட்டில் காட்டினாலும் பார்க்கமாட்டார்கள்.

மூலப் பத்திரங்களை இப்போது யாருக்கும் அனுப்ப வேண்டாம், நகல் போதும். மனு ஏற்கப்பட்டு, விசா நேர்காணலுக்கு மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போகும்போது மூலங்களைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அதுவரை புதிதாகச் சேர்ந்ததையும் அப்போது காட்டலாம். அங்கே இன்னும் ஏதாவது வேண்டும் என்று 221-ஜி தாள் கொடுத்தால் கலங்க வேண்டாம், கேட்டதைக் கொடுக்க ஓராண்டு வரை அவகாசம் உண்டு.

நீங்கள் அமெரிக்காவில் நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்காவிட்டால் இரண்டாண்டு நிபந்தனை கிரீன் கார்டுதான் தருவார்கள். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கோரி இருவரும் சேர்ந்து ஐ-751 மனு போட வேண்டும். அதற்கும் இதே மாதிரி ஆதாரம் கேட்பார்கள். இரண்டு ஆண்டு கடந்திருந்தால் நேராகப் பத்தாண்டு கார்டு. உங்கள் தேதியை வைத்துப் பார்த்தால் இரண்டில் எதுவும் நடக்கலாம். ஆகவே அடுத்த முறை அவர் வரும்போது போர்டிங் பாஸையும் முத்திரைப் பக்கத்தையும் அன்றே ஸ்கேன் செய்து, மாதவாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.