தம் நூலைத் தாமே வெளியிடுவோர்: ஆக்கமும் வாசகரும்

கணினியில் எழுத்துக் கோத்து, ஐம்பது படிகள் மட்டும் அச்சிட்டுக்கொள்ளும் வாய்ப்பு இன்று எவர்க்கும் உண்டு. நம் துறை மாணவருள்ளும் ஆண்டுதோறும் ஓரிருவர் கையெழுத்துப் படியோடு வந்து அணிந்துரை வேண்டுகின்றனர். அணிந்துரை தருதல் எளிது. அச்சான நூல் எவர் கைக்குச் சென்று சேரும் என்று அவர்களைக் கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாக வருகிறது. அந்த மௌனத்தை யாமும் அறிவோம்.

எமது முதற் கவிதைத் தொகுதியை 2004ஆம் ஆண்டில் சொந்தச் செலவில் 500 படிகள் அச்சிட்டோம். வெளியீட்டு விழாவில் பொன்னாடைகள் குவிந்தன. விலை கொடுத்து நூலை வாங்கியோர் முப்பது பேர்தாம். (பொன்னாடைக்குச் செலவிடும் தொகைக்கு இரண்டு படிகள் வாங்கலாமே என்று நம் பெரியோர்களிடம் உரிமையோடு விண்ணப்பிக்கிறோம்.) அன்பளிப்பாய்த் தந்தவை போக, எஞ்சியவை பரணில் ஏறின. கறையான் தன் பங்கை எடுத்துக்கொண்டது.

அத்தொகுதியை முழுதும் படித்தவர் என்று உறுதியாய்ச் சொல்லத்தக்கவர் ஒருவரே. எங்கள் தெருவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் அவர். ஒரு மாதம் கழித்து, பதினொரு கவிதைகளில் பென்சில் குறியிட்டு நூலைத் திருப்பித் தந்தார். "தம்பி, இந்தப் பதினொன்றும் உங்களுடையவை. மற்றதெல்லாம் எங்கேயோ படித்த மாதிரி இருக்கு" என்றார். அன்று மனம் சுருங்கியது உண்மை. ஆயினும் அணிந்துரை எழுதிய மூவரும் சொல்லாததை அவர் சொன்னார். அச்சுக்கு முன்பே அவரிடம் கொடுத்திருந்தால் நூல் மெலிந்திருக்கும், கவிதை தேறியிருக்கும்.

எழுத்துத் திறனை வளர்த்தலும் வாசகரைத் தேடலும் இருவேறு பணிகள் என்றே பலரும் எண்ணுகின்றனர். முன்னது ஆசிரியர் வேலை, பின்னது வணிகர் வேலை என்பது அவர்தம் கருத்து. இதனை மறுக்கும் சான்றாய் நிற்பவர் சி.சு. செல்லப்பா.

1912இல் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்த செல்லப்பா, 'மணிக்கொடி' வழிவந்த எழுத்தாளர். விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் இடம் தரும் இதழ் இல்லையென்று கண்டு, 1959 சனவரியில் 'எழுத்து' இதழைத் தாமே தொடங்கினார். இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தொடக்கத்திலேயே வரம்பு கட்டிக்கொண்டார். தமக்கு வேண்டிய வாசகர் எத்தகையவர், ஏறத்தாழ எத்துணைப் பேர் என்ற தெளிவு அவரிடம் இருந்தது. எமது 500 படிகளுக்குப் பின்னால் அத்தகைய கணக்கு எதுவும் இருந்ததில்லை. அச்சகத்தார் சொன்ன எண் அது!

இதழைத் தொடர்ந்து எழுத்து பிரசுரம் தோன்றியது. 24 கவிஞர்களின் 63 கவிதைகள் கொண்ட 'புதுக்குரல்கள்' 1962இல் வெளிவந்தது. புத்தகக் கடைகள் கேட்டு வாங்கும் சரக்கன்று அது. ஆகவே நூல்களை மூட்டையாய்க் கட்டித் தோளில் சுமந்து, ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் சென்றார், பேசினார், விற்றார். தாம் வெளியிட்டதற்கு எதிரேயிருக்கும் மாணவரிடம் காரணம் சொல்லியாக வேண்டிய நிலை அது. ஒரு சிறுகதை எவ்வாறு அமைகிறது, எவ்விடத்தில் நெகிழ்கிறது என்று பகுத்துக் காட்டும் அவருடைய விமர்சன முறைக்கும் இவ்வலைச்சலுக்கும் உறவு உண்டென்றே யாம் கருதுகிறோம்.

இதனால் அவர் பொருளீட்டினார் என்று மாணவர் மயங்க வேண்டா. இழந்தவையே மிகுதி. 'எழுத்து' 1970இல் நின்றது. ஆனால் அவர் நிற்கவில்லை. விடுதலைப் போராட்டத்தைக் களமாகக் கொண்ட 'சுதந்திர தாகம்' என்னும் மூன்று பாகப் புதினத்தை 1997இல், தம் எண்பத்தைந்தாம் அகவையில், தாமே வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார். அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது.

நம் காலத்துக்கு இன்னும் அணுக்கமானவர் தோப்பில் முஹம்மது மீரான். தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்தவர், மலையாள வழியில் கல்வி பயின்றவர், நெல்லையில் வத்தல் வணிகம் செய்தவர். தமிழிலக்கியப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. அவருடைய 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. 1988இல் தாமே அதனை நூலாக்கினார். நூலாகும் முன்பே வாசகர் இருந்தனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அம்மக்களின் பேச்சுமொழியை, அரபுச் சொல்லும் மலையாளச் சாயலும் விரவிய அவ்வழக்கை, வெளியார்க்குப் புரியாதே என்றஞ்சி அவர் நீர்த்துப்போகச் செய்யவில்லை. அதன் பொருட்டே வெளியாரும் தேடிப் படித்தனர். 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. எமது தொகுதியிலும் பென்சில் குறி விழுந்தவை, பெரும்பாலும் எம் வீட்டுப் பேச்சு புகுந்த கவிதைகளே.

இனி நடைமுறை சில. முன்பணம் பெற்று நூல் வெளியிடுதல் புதுமையன்று. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றார். ஐம்பது பேரேனும் முன்னதாக விலை தர இசைந்த பின் அச்சகம் செல்வது நன்று. பக்கங்களைப் பதினாறு பக்கப் பாரக் கணக்கில் அமைத்தால் தாள் வீணாகாது. நூலகத் துறை வாங்கும் என்பதை நம்பியே படிகளைப் பெருக்குதல் கூடாது; அவ்வாணை வரலாம், வராமலும் போகலாம். பன்னாட்டுத் தர நூல் எண்ணை மைய அரசின் முகமை கட்டணமின்றித் தருகிறது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான முப்பது நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் வெளியிடுவோர் தம் செலவில் படி அனுப்ப வேண்டும். தாமே வெளியிடுவோர் பலர் இதனை அறியார். பரணிலுள்ளதைக் கறையான் தின்றாலும் கன்னிமாராவில் ஒரு படி இருக்கும்.

அணிந்துரை கேட்டு வரும் மாணவரிடம் இப்போது யாம் ஒன்று கேட்கிறோம்: கவிதைகளைப் படியெடுத்து, உறவினரல்லாத மூவரிடம் ஒரு பென்சிலோடு கொடுத்து வருக. சென்ற ஆண்டு வந்தவர் நால்வர். மூவர் பிறகு வரவில்லை. நான்காமவரின் தொகுதி தொண்ணூறு பக்கத்திலிருந்து நாற்பத்தெட்டாகச் சுருங்கித் திரும்பி வந்திருக்கிறது. அணிந்துரையை எழுதத் தொடங்கியுள்ளோம்.