பூஸ்ட் கூட்ட நினைக்கும் பெடியளுக்கு

மொன்றியலின் சென்ட் லோரன்டில், கோட்-வெர்ச்சு பக்கம் கார்ப் பைத்தியம் பிடித்த பெடியள் கூடினால் முதல் கேள்வியே, "அண்ணை, எவ்வளவு பிஎஸ்ஐ விடுறியள்?" என்பதுதான். என்னுடையது 2016 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். எஞ்சினுக்குள் ஒரு பாகமும் மாற்றாமல், டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தமான பூஸ்டைக் கூட்டி ஓடுகிறேன். நான் திருப்பிக் கேட்பது: "நொக் வருதா, பார்த்தனியா?"

இந்த 2 லீற்றர் எஞ்சினின் அமுக்க விகிதம் 10.6. டர்போவுக்கு அது அதிகம். மேலும் காற்றைத் திணித்தால் சூடு ஏறி, பிளக் மூட்டிய தீ பரவி முடியுமுன்னே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நொக். பிஸ்டனில் வளையங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பு அந்த அடியில் உடைந்துபோகும்.

அதனால் முதலில் கொம்பனி அமைப்பிலேயே ஓடிப் பதிவெடுங்கள். சுபாருவின் எஞ்சின் கணினியான ஈசியூவில் 'டாம்' என்றொரு எண் உண்டு, 1.0 இல் நிற்கவேண்டும். நொக் தொடர்ந்தால் அது இறங்கும். இறங்கினால் பூஸ்டைத் தொடாமல் பிளக்கையும் காற்றுக்குழாய்க் கசிவையும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பிஎஸ்ஐயாக ஏற்றிப் பதிவைப் பாருங்கள். பூஸ்ட் வால்வைத் திருகி ஈசியூவை ஏமாற்றும் வேலையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பெற்றோல் அளவும் இக்னிஷன் நேரமும் பூஸ்டோடு சேர்ந்து மாறவேண்டும். 91 ஒக்டேனுக்கு ட்யூன் செய்து 94 அடித்தால் கையிருப்பு கூடும். மாறிச் செய்தால் எஞ்சினுக்குத்தான் கேடு.

எங்கள் ஊர்க் குளிரைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 30 பாகையில் இருக்கும் காற்றைவிட மைனஸ் 20 பாகைக் காற்று ஏறக்குறைய 20 வீதம் அடர்த்தி கூடியது. அதே பூஸ்டிலும் ஒக்சிசன் கூடப் போகும். பெற்றோல் பம்புக்கும் சுமை கூடும். யூலையில் செய்த ட்யூனை யனவரியிலும் பதிவெடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். குளிரில் கூலன்ற் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஒயில் சூடாகியிருக்காது; இன்னும் கொஞ்சத் தூரம் மெதுவாக ஓடுங்கள். கோடையில் வேறு வில்லங்கம். இந்தக் காரின் இன்டர்கூலர் எஞ்சினின் தலைக்கு மேலேயே இருக்கிறது. நாற்பதாம் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்தால் அது அடுப்பில் வைத்த தாச்சிபோலக் காயும். நெரிசல் விட்ட கையோடு மிதிக்காதீர்கள்.

வீதிக்கார் எஞ்சின் தாங்காது என்பவர்களுக்கு 1982 யூன் 13ஐச் சொல்வேன். அன்று மொன்றியல் போர்முலா வண் போட்டியில் நெல்சன் பிக்கே ஓட்டி வென்ற பிரபாம் காரின் பிஎம்டபிள்யூ டர்போ, வீதிக்காரின் இரும்பு பிளொக்கிலிருந்து செய்தது. ஒரு கிழமைக்கு முன் டிட்ராய்ட்டில் அதே பிக்கே தகுதிச் சுற்றையே தாண்டவில்லை.

ஆறாம் கியரில், 2000 சுற்றில், முழுதாக மிதிக்கவே வேண்டாம். நேரடியாகப் பெற்றோல் பீச்சும் டர்போ எஞ்சின்களில் பிஸ்டன் உடைய அதுவும் ஒரு வழி. வேகம் பார்க்க சென்-பீயில் சனேர் ஓடுதளம் இருக்கிறது. கியூபெக்கில் காருக்கான காப்புறுதி தனியார் கொம்பனியிடம். ட்யூன் செய்ததை அவர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.