பட்டாவில் 99 சென்ட், கணினியில் 132 சென்ட்: எது சரி?

கேள்வி: குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில் எங்களுக்கு ஏலமும் காபியுமாக ஒரு சிறு தோட்டம். பட்டாவில் 0.40.00 ஹெக்டேர். வேலிக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் வரைபடம் வேண்டுமென்று எப்.எம்.பி. (புல அளவைப் புத்தக) ஸ்கெட்ச்சை ஸ்கேன் செய்து ஆட்டோகேடில் ஏற்றினேன். சரிவுக்குக் குறுக்கே போகும் பக்கம் ஸ்கெட்ச்சிலும் டேப்பிலும் 80 மீட்டர். மேலே ஏறும் பக்கமோ ஸ்கெட்ச்சில் 50, டேப்பில் 57.7. டேப் பிடித்தது நான்தான் என்பதால் 57.7-ஐ வைத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். பரப்பு 5,327 சதுர மீட்டர் என்கிறது கணினி. 33 சென்ட் கூடுகிறதே! ஸ்கெட்ச் தப்பா? ஏறும் பக்கத்தை மட்டும் இழுத்துச் சரிசெய்யலாமா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: ஸ்கெட்ச்சும் சரி, உங்கள் டேப்பும் சரி. இரண்டும் ஒரே தூரத்தை அளக்கவில்லை, அவ்வளவுதான்.

நில அளவையில் எழுதப்படுவது கிடைமட்டத் தூரம். சரிவில் அளக்கும்போது சங்கிலியை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்கி அளப்பார்கள். நீங்கள் டேப்பைத் தரையோடு தரையாகப் போட்டிருக்கிறீர்கள். 30 டிகிரி சரிவில் 57.7 மீட்டர் நடந்தால் கிடைமட்டமாக 50 மீட்டர்தான் நகர்ந்திருப்போம். கீழ் மூலைக்கும் மேல் மூலைக்கும் உயர வித்தியாசம் சுமார் 28.8 மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கணக்கு முடிந்தது. குறுக்குப் பக்கத்தில் ஏற்றம் இல்லாததால்தான் அங்கே இரண்டு அளவும் ஒத்துப்போயின. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

33 சென்ட் எங்கிருந்து வந்தது? 57.7-ஐ 50-ஆல் வகுத்தால் 1.154. ஸ்கேல் கட்டளை எல்லாப் பக்கத்தையும் அதே விகிதத்தில் பெருக்கும். எனவே ஏற்றமே இல்லாத 80 மீட்டர் பக்கமும் 92.3 ஆகிவிட்டது. நீளம் 1.154 மடங்கு கூடினால் பரப்பு அதன் வர்க்கம், அதாவது 1.33 மடங்கு கூடும். 4,000 சதுர மீட்டர் 5,327 ஆனது இப்படித்தான்.

ஏறும் பக்கத்தை மட்டும் இழுத்தால் 4,616 சதுர மீட்டர், அதாவது 114 சென்ட் வரும். சரிவு சீராக இருந்தால் இது தரையின் மேற்பரப்பு. செடிக் கணக்குக்கு உதவும். ஆனால் பட்டாவோடும் ஒட்டாது, பக்கத்துப் புலத்தின் ஸ்கெட்ச்சோடும் ஒட்டாது. மூலைவிட்டம் 94.3 மீட்டராக இருக்க வேண்டியது 98.6 ஆகிவிடும். எல்லைப் படத்தில் இதைச் செய்யாதீர்கள்.

சரியான வழி இது. முதலில் கோப்பின் அலகை மீட்டர் என்று வையுங்கள். யூனிட்ஸ் பெட்டியில் அலகை மாற்றுவதால் வரைந்த கோடு நீளாது, குறையாது. வேறு கோப்பைச் செருகும்போதுதான் அந்த அமைப்பு வேலை செய்யும். மில்லிமீட்டரில் வரைந்த படம் சில நேரம் 1,000 மடங்கு பெரிதாக வந்து நிற்பது இந்த அலகுக் குழப்பத்தால்தான். பிறகு ஸ்கேல் கட்டளை கொடுத்து, ஒரு மூலையை அடிப்புள்ளியாக வைத்து, ரெஃபரன்ஸ் தேர்ந்தெடுத்து, 80 மீட்டர் கோட்டின் இரு முனைகளையும் சொடுக்கி, 80 என்று தட்டுங்கள். எப்போதும் நீளமான கோட்டையே பிடியுங்கள். சொடுக்குவதில் வரும் பிசகு அதில்தான் விகிதத்தில் குறையும். அடுத்து 50 மீட்டர் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். அவை பொருந்தாவிட்டால் தாள் கோணியிருக்கிறது, அல்லது போனில் சாய்த்துப் படமெடுத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஸ்கேன் எடுங்கள்.

என்னைக் கேட்டால், படத்தைப் பெரிதாக்குவதே இரண்டாம் பட்சம். எப்.எம்.பி.யில் கோடுகளின் மேல் எண்கள் எழுதியிருக்கின்றன. மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்தை இரண்டு வட்டம் போட்டே வரைந்துவிடலாம். எண்ணைப் பார்த்து வரைந்த படத்துக்கு ஸ்கேலே தேவையில்லை. ஸ்கேன் படம் பின்னணியில் சரிபார்க்க மட்டும் இருக்கட்டும்.

பழைய ஸ்கெட்ச் என்றால் எண்கள் லிங்க்ஸில் இருக்கலாம். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க்ஸ். ஒரு லிங்க் 0.201168 மீட்டர். லிங்க்ஸிலேயே வரைந்து முடித்து, கடைசியில் ஒரே ஒரு முறை 0.201168 கொண்டு ஸ்கேல் செய்யுங்கள். 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட் என்பதால் மாற்றுவதற்கு முன்பே பரப்பையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஏ4 தாளில் அடங்கவில்லை என்று படத்தைச் சுருக்கவும் வேண்டாம். மாடலில் அது உண்மை அளவிலேயே இருக்கட்டும். லேஅவுட்டில் வியூபோர்ட் வைத்து 1:500 கொடுத்தால் 80 மீட்டர் தாளில் 16 சென்டிமீட்டராக வரும். நீங்கள் மீட்டரில் வரைந்து, தாள் மில்லிமீட்டரில் இருப்பதால், அங்கே விகித எண்ணாக 2 கொடுக்க வேண்டும். அச்சிடும்போது தாளுக்கு ஏற்பப் பொருத்து என்ற தேர்வை எடுத்துவிட்டு, வந்த தாளில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

உங்கள் 57.7 வீண் போகவில்லை. வேலிக் கம்பி தரையோடுதானே போகிறது. ஸ்கெட்ச் அளவில் சுற்றளவு 260 மீட்டர், சரிவு அளவில் 275.4. ஐந்து வரிசைக் கம்பிக்கு 77 மீட்டர் கூடுதலாக வேண்டும். மேலே ஏறும் குழாய்க்கும் இப்படியே கணக்கிடுங்கள். சரிவு அளவுகளைத் தனி லேயரில் குறிப்பாக எழுதி வையுங்கள். எல்லைக் கோட்டைத் தொட வேண்டாம். பக்கத்துத் தோட்டத்தாரோடு எல்லைப் பிரச்சினை வந்தால் இந்தப் படம் செல்லாது. கட்டணம் கட்டி அரசு நில அளவரை அழைத்துத்தான் அளக்க வேண்டும்.